ஆறு ஊருக்கு ஒரு கணக்கு: பல ஊர்க் கூட்டு முயற்சி பற்றிச் சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துக் கடைமடை ஊர்கள் ஆறைச் சேர்ந்த நாங்கள் சிங்கப்பூரில் தேக்கா சந்தைப் பக்கம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். முன்பு ஊருக்கு ஒரு சங்கம், ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, ஊருக்கு ஒரு பொருளாளர். இப்போது ஆறுக்கும் சேர்த்து ஒரே சங்கம், ஒரே கணக்கு. புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி மாளவில்லை என்பதால் எழுதி வைக்கிறேன். சங்கத்தின் கணக்கைப் பார்ப்பவன் நான், வழக்கறிஞன் இல்லை. பெரிய தொகை என்றால் ஊரில் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

பல ஊர்க் கூட்டு முயற்சி என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு ஊரால் தனியாகத் தாங்க முடியாத வேலையைப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து எடுத்துச் செய்வது. வாய்க்கால், நெல் காயவைக்கும் இயந்திரம், தேங்காய்க்கு நல்ல விலை கொடுக்கும் வியாபாரி, இவையெல்லாம் ஊர் எல்லைக்கல்லோடு நின்றுவிடுவதில்லை. நாடுகளுக்கு இடையேயும் இதே பேச்சு உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், சிங்கப்பூரில் இருந்துகொண்டு அதைப் பேசாமல் இருக்க முடியாது.

என் ஊருக்கு மட்டும் செய்கிறேன் என்றால் என்ன தப்பு?

தப்பே இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை, நூலகத்துக்குப் புத்தகம், பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு என்றால் உங்கள் ஊருக்கே செய்யுங்கள், கூட்டம் கூட்டி நேரத்தை வீணடிக்க வேண்டாம். பிழைப்பு சம்பந்தமான காரியம் என்று வரும்போதுதான் சிக்கல்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. இங்கே யாரும் தூங்கவில்லை. அடுத்த வாரத்துக்குள் ஒவ்வொரு ஊர்க்காரரும் தனித்தனியாக வசூலித்தோம். பலன்: ஒரு ஊருக்குத் தார்ப்பாய் மூன்று தடவை போனது, பக்கத்து ஊருக்கு ஒன்றுகூடப் போகவில்லை. தென்னங்கன்று ஏராளமாக வந்து இறங்கி, நட ஆள் இல்லாமல் பாதி காய்ந்தது.

அதற்கப்புறம் என் ஊர்க்காரர்கள் நாங்கள் சேர்ந்து ஒரு செக்கு வாங்கினோம். தேங்காயை அப்படியே விற்பதைவிட எண்ணெயாக ஆட்டி விற்றால் லாபம் என்று கணக்குப் போட்டோம். கணக்கு சரிதான். ஆனால் மரமே விழுந்து கிடந்தது. நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும் என்பதை, தோப்பில் பிறந்து வளர்ந்த நாங்களே மறந்து போனோம். மிச்சம் நின்ற மரங்களின் கொப்பரை வாரத்தில் ஒரு நாள் ஆட்டத்துக்குக்கூடக் காணவில்லை. மும்முனை மின் இணைப்புக்கு மனு கொடுத்து அலைந்தது தனிக்கதை. போன பொங்கலுக்கு நான் போய்ப் பார்த்தபோது செக்கின் மேல் பச்சைத் தார்ப்பாய் போர்த்தி, அதன் மேல் யாரோ வடகம் காயவைத்திருந்தார்கள். ஆறு ஊர்க் கொப்பரையும் ஒரே இடத்துக்கு வந்திருந்தால் அந்தச் செக்கு முதல் வருஷமே ஓடியிருக்கும். பக்கத்து ஊரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருந்தால் அவர்களும் ஒரு செக்கு வாங்கப் போவதாகச் சொல்லியிருப்பார்கள், அது வேறு விஷயம்.

சரி, சேர்ந்து செய்து எது நடந்தது?

நெல் உலர்த்தி. டிராக்டரில் இழுத்துச் செல்லும் நடமாடும் வகை.

ஊரில் பயிர்த்தொழில் செய்யாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டுமென்றால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் சம்பா அறுவடை தை, மாசியில். பனி விழும், சில வருஷம் பருவம் தப்பி மழையும் கொட்டும். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அப்படித்தான் கொட்டி, அறுத்த நெல்லும் அறுக்காத நெல்லும் நனைந்தன. மத்திய அரசு அந்த முறை 20 சதவீதம் வரை தளர்வு கொடுத்தது. தளர்வு வரும்வரை நெல் ரோட்டில் கிடக்கும். என் அக்காள் மகன் ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டான். வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு ஈரப்பதமானியைக் காட்டினான்: 19.4. "மாமா, இன்னும் ரெண்டு நாள் வெயில் அடிச்சா போதும்" என்றான். வெயில் அடிக்கவில்லை. நாற்பது கிலோ சிப்பம் ஒவ்வொன்றையும் வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளினான்.

உலர்த்தியை ஒரே ஊர் வாங்கினால் வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள்தான் வேலை. மீதி நாள் செக்கின் கதைதான். ஆனால் எங்கள் ஆறு ஊரும் கல்லணைக் கால்வாயின் கிளை வாய்க்கால் ஒன்றில் அடுத்தடுத்து இருக்கின்றன. மேட்டூரை ஜூன் 12இல் திறந்தாலும் தண்ணீர் தலைமடை ஊருக்கு வந்து, கடைசி ஊருக்கு எட்ட நாளாகும்; அதனால் நடவும் தள்ளும், அறுவடையும் தள்ளும். முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இரண்டு மூன்று வாரம் வித்தியாசம். இத்தனை நாள் கடைமடைக்காரனின் சாபம் என்று நாங்கள் புலம்பிய அந்த வித்தியாசத்தால்தான் ஒரே இயந்திரம் ஆறு ஊருக்கும் போதுமானதாக இருக்கிறது. தண்ணீர் போகும் வழியிலேயே அதுவும் ஊர் ஊராக இறங்கிப் போகிறது. சிப்பத்துக்கு இவ்வளவு என்று வாடகை. டீசல், ஓட்டுநர் கூலி போக மிஞ்சுவது பழுதுபார்க்கும் செலவுக்கு.

எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் வருஷம் நடு ஊர் ஒன்றில் இயந்திரத்தை நான்கு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டார்கள். கடைசி ஊர்க்காரர்கள் டிராக்டரோடு போய் நின்றார்கள். இப்போது முறை நோட்டு ஒன்று உண்டு, வாய்க்காலில் முறைப்பாசனத்துக்கு வைப்பது மாதிரியே.

சிங்கப்பூருக்கும் கிராமத்துக்கும் என்ன சம்பந்தம்? இங்கே கம்பமே (மலாயில் கிராமம்) இல்லையே?

சிங்கப்பூர்ப் பெருந்தீவில் மிஞ்சியிருப்பது லோரோங் புவாங்கோக் கம்பம் ஒன்றுதான். ஆனால் நாம் சாப்பிடுவதில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, அதாவது யாரோ ஒருவருடைய கிராமத்திலிருந்து. மலேசியாவின் ஜோகூர் மாநிலத்திலிருந்து கடற்பாலத்தைத் தாண்டி அதிகாலையில் வரும் லாரிகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தண்ணீரும் அப்படியே: 1962 ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம், 2061 வரை.

அக்கம்பக்கத்து வட்டாரங்களோடு கூட்டு சேரும் அனுபவம் இந்த நாட்டுக்குப் பழையது. 1989 டிசம்பரில், அப்போது துணைப் பிரதமராக இருந்த கோ சோக் தோங் சிங்கப்பூர், ஜோகூர், இந்தோனேசியாவின் ரியாவ் மூன்றையும் சேர்த்து ஒரு வளர்ச்சி முக்கோணம் என்று சொன்னார். சிங்கப்பூரில் மூலதனமும் துறைமுகமும், மற்ற இரண்டு இடத்திலும் நிலமும் ஆளும். 1994இல் அது இன்னும் பல மாநிலங்களைச் சேர்த்து விரிந்தது. அதன் அடுத்த அத்தியாயம்தான் 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலம். அதில் குறிப்பிட்டிருக்கும் 11 துறைகளில் உணவுப் பாதுகாப்பும் ஒன்று. பேப்பரில் எல்லோரும் படித்தது தரவு நிலையங்களையும் ரயிலையும் பற்றித்தான். விவசாயி ஒருவர் இருந்தால் அந்த ஒரு வரியைத்தான் முதலில் தேடுவார்.

அந்தப் பெரிய ஒப்பந்தங்களால் கிராமத்தாருக்கு என்ன கிடைத்தது?

ரியாவ் தீவுகளில் உள்ள பாத்தாமைப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் சில ஆயிரம் பேர் இருந்த மீனவத் தீவு. இன்று பத்து லட்சத்துக்கு மேல். வேலை வந்தது, சந்தேகமில்லை. வந்த வேலையில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்தும் சுமத்ராவிலிருந்தும் வந்த இளம் பிள்ளைகளுக்குப் போனது. கடலோரத்தில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு அந்தத் தொழிற்சாலைகளில் என்ன இடம் என்று முதலில் யாரும் திட்டம் போடவில்லை. அது என் கணிப்பு. வேறு மாதிரி சொல்பவர்களும் உண்டு.

நம் மொழிக்கு அடுத்த வீட்டில் நடந்ததும் ஒன்று. ஆந்திராவின் அமராவதி. தலைநகரம் கட்ட விவசாயிகள் ஏறத்தாழ 33,000 ஏக்கரை நிலச் சேர்ப்பு முறையில் கொடுத்தார்கள். நகரத் திட்டத்தில் சிங்கப்பூரின் பங்கு இருந்தது, தொடக்க நிறுவனங்களுக்கான (ஸ்டார்ட்அப்) பகுதியைக் கட்ட சிங்கப்பூர் நிறுவனங்களின் கூட்டமைப்பும் வந்தது. 2019இல் ஆட்சி மாறியது. அந்த ஆண்டு நவம்பரில் தொடக்கப் பகுதித் திட்டம் கைவிடப்பட்டது. நிறுவனங்கள் விமானம் ஏறிவிடலாம். நிலம் கொடுத்தவர் எங்கே போவார்? ஆட்சி மாற்றத்தைத் தாங்காத கூட்டு வேண்டாம் என்று நான் கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒரே ஒரு வாங்குபவரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் எளிதில்லையா?

எளிது. 2022 ஜூன் 1 ஞாபகம் இருக்கிறதா? மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்திய நாள். அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூர் இறக்குமதி செய்த கோழியில் 34 சதவீதம் அங்கிருந்துதான். இங்கே நமக்குக் கோழிச்சோறு கிடைக்கவில்லை என்ற கவலை. ஜோகூரில் பண்ணை வைத்திருந்தவருக்கு வழக்கமான வியாபாரமே கையைவிட்டுப் போனது. உயிருள்ள கோழி மறுபடி முழுசாக வர அக்டோபர் ஆனது. இரண்டாவது வாங்குபவர் வேண்டும், அவர் சின்னவராக இருந்தாலும்.

பணம் அனுப்புவதில் என்ன கவனிக்க வேண்டும்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதிகம் தப்பு நடக்கும் இடமும் இதுவே. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் கூட்டத்தில் அண்ணன் தம்பி இருவர் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். அண்ணன் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார், சிவப்புக் கடப்பிதழ். தம்பி நிரந்தரவாசி, கையில் இந்தியக் கடப்பிதழ். இருவரும் தலைக்கு ஐந்நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஊர் அறக்கட்டளைக்குக் கொடுக்க நினைத்தார்கள். இந்தியாவின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்படி, தம்பி தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அண்ணன் அனுப்புவது ஆகும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓசிஐ அட்டை இருந்தாலும் ஆகும். அந்த அறக்கட்டளைக்கு அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாவிட்டால் அண்ணனின் பணத்தை அது தொடக்கூடாது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், சட்டத்துக்கு இரண்டு பேர்.

இங்கே பதிவான சங்கம் அனுப்பினால்? உறுப்பினர் எல்லோரும் இந்தியக் குடிமக்களாகவே இருந்தாலும் சங்கம் வெளிநாட்டு அமைப்பு. அந்தப் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பே.

பதிவு வாங்குவதும் லேசில்லை. பொதுவாக அமைப்பு மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் தன் நோக்கத்துக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் போக முடியும்.

என் அம்மா கணக்குக்கு அனுப்பி, அவர் கையால் கொடுத்தால்?

உறவினருக்கு அனுப்புவதற்குத் தனிச் சலுகை உண்டு. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை வாங்கிக்கொண்டால் அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டாம். ஆனால் அது அம்மாவுக்கான பணம். பத்துப் பேரிடம் திரட்டியதை அம்மா கணக்கில் போட்டு ஊர்க்காரியத்துக்கு எடுத்தால் அது உறவினர் பணம் ஆகாது. வயதான காலத்தில் அவரை நோட்டீசுக்குப் பதில் சொல்ல வைக்காதீர்கள்.

சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ என்ற கைப்பேசிப் பணப்பரிமாற்ற முறைகளின் இணைப்பும் அப்படித்தான். 2023 பிப்ரவரியில் வந்ததிலிருந்து கைப்பேசியிலேயே நொடியில் போகிறது. தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பும் வழி அது, நாள் உச்சவரம்பும் உண்டு. வீட்டுச் செலவுக்கு அருமை. சங்கக் காரியத்துக்கு அதைத் தொடாதீர்கள்.

ஒரு ஊர் அறக்கட்டளை வாங்கி மற்ற ஐந்து ஊர் அமைப்புகளுக்கும் பிரித்துக் கொடுக்கலாமா?

கூடாது. 2020 திருத்தம் இதை மொத்தமாக அடைத்துவிட்டது: வெளிநாட்டுப் பங்களிப்பை வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்கு மாற்ற முடியாது, அதற்கும் பதிவு இருந்தாலும் முடியாது. பல ஊர்க் கூட்டு முயற்சி என்று இறங்குகிறவர்களுக்கு இது பெரிய அடி, ஏனென்றால் தலைமை அமைப்பு ஒன்று வாங்கி மற்றவற்றுக்குப் பிரிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. ஆகவே ஆறு ஊரிலும் தானே நேரடியாகச் செலவு செய்யக்கூடிய ஒரே அமைப்பைத் தேடுங்கள். நாங்கள் செய்தது அதுவே. இந்தியக் கடப்பிதழ்காரர்கள் தனித்தனியாகத் தங்கள் கணக்கிலிருந்து கொடுத்தார்கள். சங்கத்தின் பணம் மட்டும் பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளை வழியாக, அவர்கள் கையாலேயே செலவானது. இரண்டுக்கும் தனித்தனிப் பேரேடு.

சிங்கப்பூரில் பொதுமக்களிடம் வசூலிக்கலாமா?

வெளிநாட்டு அறப்பணிக்காக வசூல் என்றால் அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொதுமக்களிடம் திரட்டினால் நிகரத் தொகையில் குறைந்தது 80 சதவீதம் சிங்கப்பூருக்குள்ளேயே அறப்பணிக்குப் போக வேண்டும் என்பது விதி. பேரிடர் நேரங்களில் ஆணையர் தளர்த்தலாம். கஜா சமயத்தில் உண்டியலோடு அடுக்குமாடி வீடுகளில் புளோக் புளோக்காகப் போன எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. நல்ல மனதோடுதான் போனார்கள். இப்போது நாங்கள் உறுப்பினர் வட்டத்துக்குள்ளேயே, அனுமதி வாங்கித்தான் திரட்டுகிறோம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சங்கம் என்று நடத்தினால் சங்கப் பதிவகத்தில் பதிய வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு முத்திரை அடித்து ரசீது கொடுத்தால் சங்கம் ஆகிவிடாது.

வொர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளிடம் பணம் வாங்குகிறீர்களா?

வாங்குகிறோம், உச்சவரம்போடு: மாதம் ஐந்து வெள்ளி, அதற்கு மேல் கொடுத்தாலும் வாங்குவதில்லை. முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். ஆனால் கூட்டத்தில் அவர்கள் பேச்சுக்குத்தான் எடை அதிகம். முப்பது வருஷமாக இங்கே இருக்கும் எனக்குத் தெரிந்த ஊர் 1990களின் ஊர். போன வருஷம் வந்தவனுக்குத்தான் எந்த மதகு உடைந்திருக்கிறது, எந்த வியாபாரி எடையில் அடிக்கிறான் என்று தெரியும். உலர்த்தி யோசனையே கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி சொன்னது.

ஊரில் யாரோடு கைகோக்க வேண்டும்? ஊராட்சித் தலைவரிடம் பேசினால் போதாதா?

பேச வேண்டும், ஆனால் அவரோடு நிறுத்திவிடக் கூடாது. தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவரை மட்டும் நம்பியிருந்த காரியங்கள் அந்த வாரமே நின்றுபோயின. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறு ஊரிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட வைப்பதற்கு எங்களுக்கு மூன்று கிராம சபை ஆனது. ஓர் ஊரில் "நம்ம பேரு முதல்ல வரணும்" என்று நின்றுவிட்டார்கள். அகர வரிசை என்று முடித்தோம்.

வாய்க்கால் சம்பந்தமான வேலைக்கு வேறு அமைப்பு இருக்கிறது. 2000ஆம் ஆண்டு பாசன மேலாண்மைச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் உண்டு. அவற்றின் எல்லை வாய்க்காலைப் பார்த்துப் போட்டது, ஊராட்சியைப் பார்த்து அல்ல. பல இடங்களில் அவை தூங்குகின்றன. எழுப்பிப் பாருங்கள், புதிதாக ஒன்று தொடங்குவதைவிட அது மேல்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நாம் பங்கு வாங்கலாமா?

விவசாயிகளே சேர்ந்து நடத்தும் கம்பெனி அது. உறுப்பினராக விளைவிப்பவர்தான் இருக்க முடியும். நாம் கோட் போட்டுக்கொண்டு பங்குதாரர் ஆக முடியாது. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே நிறுவனம் பதியலாம். ஆனால் 2020இல் மத்திய அரசு தொடங்கிய 10,000 நிறுவனங்கள் திட்டத்தின் உதவி வேண்டுமென்றால் சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர். இந்த எண்தான் ஒற்றை ஊரைத் தடுக்கும் எண். எங்கள் பக்கத்துச் சின்ன ஊரில் எல்லா வீட்டுக்காரரையும் எழுதினாலும் 300 வராது. சேர்ந்துவிட்டால் நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டில் 18 லட்சம் ரூபாய் வரை, உறுப்பினர் போடும் பங்குக்கு ஈடாகத் தலைக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு மொத்தம் 15 லட்சத்துக்கு மிகாமல் என்று அத்திட்டம் சொன்னது. எங்கள் உலர்த்தி இப்போது அப்படி ஒரு நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது. நமக்கு அதில் ஓட்டு இல்லை. அதை ஏற்றுக்கொள்ளச் சிலருக்கு ஒரு வருஷம் ஆனது.

அரசுத் திட்டம் எதையாவது நம் பணத்தோடு சேர்க்க முடியுமா?

தமிழ்நாடு அரசின் நமக்கு நாமே திட்டத்தை முதலில் பாருங்கள். 1997-98இல் தொடங்கி, நடுவில் நின்று, 2021இல் மறுபடி வந்தது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதி அரசு. பொதுச்சொத்துக்குத்தான். எங்கள் களத்துக்குக் கான்கிரீட் தளம் அப்படித்தான் வந்தது. மனு போடும்போது மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளர் கையால் வாங்குங்கள். நாமே போட்டுக் கொண்டுபோன மதிப்பீடு இரண்டு தடவை திரும்பி வந்தது.

"ஊர்" என்றால் யாரெல்லாம்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நானே சேர்த்துக்கொள்கிறேன்.

எங்கள் பழைய சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் நான்கு தெருக்காரர்கள் மட்டுமே இருந்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உள்ள குடியிருப்பிலிருந்து சிங்கப்பூர் வந்து உழைப்பவர்கள் இருபது பேருக்கு மேல்; ஒருவரைக்கூட நாங்கள் கூப்பிட்டதில்லை. உலர்த்தியை முதலில் கோயில் திடலில் நிறுத்துவதாகப் பேச்சு. வசதியான இடம், நிழலும் உண்டு. கூட்டத்துக்குப் புதிதாக வந்த ஒருவர், "அங்க நிறுத்துனா எங்க ஆளுங்க சிப்பத்தை எப்படிண்ணே கொண்டாருவாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. திடல் வேண்டாம், பள்ளிக்கூடத்தை ஒட்டிய அரசு நிலம் என்று முடிவானது. அதற்காக இரண்டு பேர் சங்கத்தை விட்டு விலகினார்கள். விலகட்டும்.

பெண்களுக்கு என்ன இடம்?

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு 1989இல் தர்மபுரியில் தொடங்கிய காலத்திலிருந்து வரவு செலவு எழுதிப் பழகியவர்கள் அவர்கள். உலர்த்தியின் வாடகை வசூலும் நோட்டும் குழுப் பெண்களிடம் இருக்கின்றன. முதல் வருஷம் ஆண்களிடம் இருந்தது. அதைப் பற்றி மேலே எழுத வேண்டாம் என்று பொருளாளர் சொல்கிறார்.

விளைபொருளை நேரடியாகச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து தேக்காவில் விற்கலாமே?

எல்லோருக்கும் இந்த ஆசை. திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, முருங்கைக்காயும் மல்லிகைப்பூவும் வருகின்றனவே என்பார்கள். வருகின்றன, அதைப் பல வருஷமாக நடத்தும் வியாபாரிகள் இருக்கிறார்கள். இறக்குமதி செய்பவருக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் வேண்டும், வரும் சரக்கு ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும், பூச்சிமருந்து மிச்சம் அளவு தாண்டினால் மொத்தச் சரக்கும் போச்சு. ஆறு ஊரில் ஆறு விதமாக மருந்து அடிக்கும்வரை இதைப் பேச வேண்டாம் என்பது என் கட்சி.

அரிசி இன்னும் கடினம். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியைத் தடுத்தது, அடுத்த மாதம் புழுங்கலரிசிக்கு 20 சதவீத வரி போட்டது. சிங்கப்பூருக்கு மட்டும் 50,000 டன் தனியாக அனுமதித்தார்கள், அது இரு அரசுகளுக்கு இடையே பேசி வந்தது. ஊர்ச்சங்கம் அதில் எங்கே நிற்கும்? முதலில் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் நல்ல விலைக்கு விற்கட்டும். அங்கே எடைபோட்டு ஏமாற்றாத ஒரு வியாபாரியைப் பிடித்துக் கொடுத்தாலே நாம் செய்தது பெரிய உதவி.

ஊரில் விவசாய நிலம் வாங்கி மாதிரிப் பண்ணை போடலாமா?

வெளிநாட்டுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டைதாரரும் இந்தியாவில் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. தாத்தா சொத்து வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். மச்சான் பெயரில் வாங்குவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது.

பணம் சரியாகப் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

திறப்பு விழாப் படத்தைப் பார்த்து இல்லை. மாலை போட்ட இயந்திரம் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், எங்கள் செக்கும் அழகாகத்தான் இருந்தது. அறுவடை மாதத்தில் வாரம் ஒரு முறை முறை நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறோம்: தேதி, ஊர், பெயர், எத்தனை சிப்பம், உள்ளே போகும்போது ஈரம், வெளியே வரும்போது ஈரம், வாடகை. எழுத்து கோணல்மாணலாக, டீசல் கறையோடு வரும். பக்கம் சுத்தமாக, ஒரே மையில், ஒரே கையெழுத்தில் வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஒரு முறை அப்படி வந்தது. விசாரித்தால் நோட்டு மழையில் நனைந்துவிட்டதாம், பிரதி எடுத்திருக்கிறார்கள். நனைந்த நோட்டையும் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள்.

எங்கள் ஊர் அந்த ஆறில் இல்லை. வரலாமா?

வாருங்கள், கேட்டுவிட்டுப் போங்கள். எங்களோடு சேர்ந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் ஊருக்கு மேலேயும் கீழேயும் தண்ணீர் எந்த ஊருக்குப் போகிறது என்று பார்த்து, அந்த ஊர்க்காரர் சிங்கப்பூரில் யார் இருக்கிறார் என்று தேடுங்கள். வரும்போது உங்கள் ஊரிலிருந்து இரண்டு விவரம் கேட்டுக்கொண்டு வாருங்கள்: போன தையில் கொள்முதல் நிலையத்தில் எத்தனை சிப்பம் போட்டார்கள், எத்தனை வியாபாரிக்குப் போனது. காலை பத்து மணிக்குத் தொடங்குவோம். பசியாறிவிட்டு வாருங்கள், தேநீர் மட்டும்தான் சங்கச் செலவில்.